அளவு ஒன்று, இழுப்பு வேறு: ஒரு ஒயர் கூடை ஆர்டரின் நிகழ்வு ஆய்வு

2024 கார்த்திகையில் தொடங்கி 2025 தை மாதக் கடைசியில் முடிந்த ஒரு ஆர்டரைப் பற்றியது இது. இடம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். பக்கத்து ஊர்களில் உள்ள மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுத உதவி செய்கிறவன் என்ற முறையில் இதன் நோட்டுப் புத்தகம் என் கையில் இருந்தது, நடந்ததையும் கிட்ட இருந்து பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்கள் எழுதச் சம்மதித்தார்கள், பெயர் வேண்டாம் என்றார்கள். கைவேலை செய்து விற்கிற யாருக்காவது மொத்த ஆர்டர் வந்து "சரி, எடுத்துக்கலாமா" என்று யோசனையாக இருந்தால் படித்துப் பார்க்கட்டும்.

பின்னணி

கூடை பின்னும் அந்த அம்மாவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. கணவர் பைக் மெக்கானிக். பின்னக் கற்றது மாமியாரிடம். அவர் எண்பது, தொண்ணூறுகளில் திண்ணைக்குத் திண்ணை ஒயர் கூடை போட்ட காலத்து ஆள். நடுவில் பாலித்தீன் பை வந்து கூடையை ஓரங்கட்டிவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை, அப்புறம் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே ஆரம்பித்தது, இதற்கெல்லாம் பிறகு கூடை கேட்டு மறுபடி ஆள் வந்தது. ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக்தான், ஆனால் வருஷக்கணக்கில் காய்கறிக் கடைக்குப் போய் வரும் கூடையையும் ஒரு நாளில் குப்பைக்குப் போகும் பையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இவருடைய வழக்கம் ஒன்று இந்தக் கதைக்கு முக்கியம். ஒரு கூடை முடிந்ததும் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைப்பார், கூடவே அளவு முழுவதையும் எழுதிவிடுவார். எத்தனை ரோல் பிடித்தது, எத்தனை அடி நீளத்தில் எத்தனை ஒயர் வெட்டினார், அடிப்பாகத்துக்கு எத்தனை முடிச்சு, உயரத்துக்கு எத்தனை சுற்று, ரன்னிங் ஒயர், அதாவது சுற்றிலும் ஓடி வரும் நீள ஒயர், எங்கே ஆரம்பிக்கிறது, எல்லாம். சந்தேகம் கேட்டால் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டி வீடியோ அனுப்புவார். நாத்தனார் திட்டியிருக்கிறார்: "தொழிலைச் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் உன்கிட்ட யாரு அண்ணி வாங்குவா?" இவர் பதில்: "அளவு தெரிஞ்சவங்க எல்லாம் உக்காந்து பின்னிடப் போறாங்களாக்கும்!"

உண்மையில் சிலர் பின்னினார்கள். அது பின்னால் வரும்.

ஆர்டர்

மதுரையில் இருக்கும் ஒரு குடும்பம் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தது. சடங்கு திருக்கடையூரில், விருந்து ஊரில், தை கடைசியில். வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்கும்போது பைக்குப் பதில் சின்ன ஒயர் கூடை கொடுக்கலாம் என்பது மகளுடைய யோசனை. முதலில் செட்டிநாட்டுக் கொட்டான் பார்த்திருக்கிறார்கள். பனை ஓலையில் முடைவது, புவிசார் குறியீடு வாங்கியது, அழகும்கூட. ஆனால் தேங்காய், பழம், ஒரு சில்வர் கிண்ணம் எல்லாம் வைத்து பஸ்ஸில் தூக்கிப் போகக் கைப்பிடி உள்ள கூடைதான் வசதி என்று இங்கே வந்தார்கள்.

கேட்டது 150 கூடை. மெரூன் உடம்பு, நடுவில் மஞ்சள் பட்டை. ஒரு ரோலில் ஒரு கூடை வருகிற அளவு. இவர் சில்லறையில் அந்த அளவை 250 ரூபாய்க்குக் கொடுப்பார். "150 எடுக்கறோம்மா, பார்த்துப் போடுங்க" என்று பேசிப் பேசி 180-க்கு இறக்கிவிட்டார்கள். மொத்தம் 27,000.

அந்த வீட்டில் 27,000 ரூபாயை ஒரே தொகையாகப் பார்ப்பது அபூர்வம். அதனால் கூட்டல் போட்டார்கள், வகுத்தல் போடவில்லை. ஒயர், கைப்பிடி டியூப், அடியில் மாட்டும் புஷ் எல்லாம் சேர்ந்து கூடைக்கு 65 ரூபாய். மிச்சம் 115. கை பழகிய இவருக்கே இந்த அளவுக் கூடைக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மணிக்கு 23 ரூபாய். இந்தக் கணக்கை நோட்டில் எழுதிக் காட்டியபோது ஆர்டர் ஏற்கெனவே பேசி முடிந்திருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் இவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் சிவன் கண் என்ற வேலைப்பாடு கூடிய முடிச்சு மாடல் கேட்டார்கள். சாதா முடிச்சுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சிவன் கண் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நேரமும் கூட, ஒயரும் கூட, வேறு ஆட்களிடம் கொடுத்தால் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு மாதிரி வரும். இந்த முடிவு இல்லாமல் போயிருந்தால் மற்றது எதுவும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஒயரும் ஆட்களும்

முன்பணம் 10,000 என்று பேச்சு. அது கைக்கு வந்தது மார்கழி பிறந்த பிறகு. வந்ததை வைத்து மதுரை மொத்தக் கடையில் 80 ரோல் வாங்கினார்; மீதியைக் கொஞ்சம் கூடை கொடுத்துப் பணம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம்.

தனியாகப் பின்னினால் நாளைக்கு ஒன்றுதான். ஆள் வேண்டும். ஐந்து பேர் கிடைத்தார்கள். மூன்று பேர் அதே தெரு. மற்ற இரண்டு பேர் பக்கத்து ஊர்கள், இவர் ஸ்டேட்டஸில் போட்ட அளவைப் பார்த்தே பின்னக் கற்றுக்கொண்டவர்கள். ஐந்து பேரில் நான்கு பேர் ஏதாவது ஒரு சமயம் இவரிடம் அளவு வாங்கியவர்கள்தான். நாத்தனார் சொன்னதற்கு நேர்மாறாக, இலவசமாகச் சொல்லிக் கொடுத்ததுதான் இவருக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. விளம்பரம் போட்டுத் தேடியிருந்தால்கூட ஒரே அளவுமுறையில் பின்னத் தெரிந்த நான்கு பேர் கிடைத்திருக்க மாட்டார்கள்.

கூலி கூடைக்கு 100 ரூபாய். ஒயர், டியூப், புஷ் எல்லாம் இவர் கொடுத்துவிடுவார். வெட்ட வேண்டிய அளவை அட்டையில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

முதல் சுமையில் கண்டது

இரண்டு வாரத்தில் 24 கூடை வந்து சேர்ந்தது. வீட்டு நடையில் வரிசையாக வைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. எல்லாவற்றிலும் முடிச்சு எண்ணிக்கை ஒன்றுதான், சுற்றும் ஒன்றுதான். ஆனால் உயரம் இரண்டு விரற்கடை வரை வித்தியாசம். ஒரு பாட்டியம்மா பின்னியது குட்டையாக, மரப்பெட்டி மாதிரி விறைப்பாக நின்றது. ஒரு இளம்பெண் பின்னியது உயரமாக, வாய் அகன்று, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

காரணம் இழுப்பு. சாதா முடிச்சைப் போட்டதும் நாலு முனையையும் பிடித்து இழுத்து இறுக்கினால்தான் அது சதுரமாக உட்காரும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு அட்டையில் எழுத எதுவும் கிடையாது. ஒரு முடிச்சில் ஒரு நூலளவு தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஒரு வரிசை முடியும்போது அது அரை விரலாகிவிடும். அதோடு போகவில்லை, தளர்ந்த முடிச்சு ஒயரையும் கூடத் தின்றது. ஒரு ரோலில் முடிய வேண்டிய கூடைக்கு கடைசிச் சுற்றில் ஒயர் பத்தாமல், துண்டு ஒயரைச் சொருகி ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு முழுத் தேங்காயும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தோம். ஒட்டுப் போட்ட இடம் மெதுவாக நழுவி, சொருகிய நுனி வெளியே நாக்கை நீட்டியது.

24-ல் 11 தேறவில்லை.

பிரித்துத் திரும்பப் பின்னலாமா என்று முதலில் பார்த்தார். முடிச்சுப் போட்ட ஒயரைப் பிரித்தால் மடிப்பு நிற்கும். வெந்நீரில் போட்டு நிமிர்த்திப் பார்த்தார், மடிப்பு ஓரளவு போனது, கூடவே பளபளப்பும் போனது. அந்த முயற்சியைக் கைவிட்டார். பின்னியவர்களுக்குக் கூலியைப் பிடிக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பிடிக்கவில்லை. "அட்டையில எழுதினபடிதானே பின்னியிருக்காங்க, எழுதாததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். இந்த இடத்தில் கூலியைப் பிடித்திருந்தால் இரண்டு பேர் அன்றைக்கே ஒயரைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. நல்லவேளை.

நிறுத்தியதும் பிரித்ததும்

இரண்டு நாள் எல்லா வேலையையும் நிறுத்தச் சொல்லி, ஐந்து பேரையும் வீட்டுக்கு வரவழைத்தார். நாள் தள்ளிப்போகிற நேரத்தில் இது வேண்டாத வேலை என்று கணவருக்குக் கோபம். ஆனால் அந்த இரண்டு நாளில்தான் ஆர்டர் பிழைத்தது.

எல்லோரும் நடையில் உட்கார்ந்து அடிப்பாகத்தை மட்டும் பின்னினார்கள். பாட்டியம்மாவின் கையை மற்றவர்கள் பார்த்தார்கள். அவர் முடிச்சுப் போட்டதும் உடனே இழுப்பதில்லை. கட்டை விரல் நகத்தால் முடிச்சின் தலையை அமுக்கிக்கொண்டு குறுக்கே இரண்டு முனையை ஒரு இழுப்பு, அப்புறம் மற்ற இரண்டை ஒரு இழுப்பு. மற்றவர்கள் நாலையும் சேர்த்து ஒரே வாக்கில் இழுத்தார்கள். "இப்படி இழுத்தா விரல் அறுக்குமே பாட்டி" என்றது அந்த இளம்பெண். அறுக்கும்தான். பாட்டியம்மாவின் ஆள்காட்டி விரலில் உள்பக்கம் ஒரு கோடு காய்த்துப்போயிருந்தது. மற்றவர்கள் விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு பின்னினார்கள்.

பார்த்ததால் எல்லோருடைய கையும் பாட்டியம்மா கை ஆகிவிடவில்லை. அதனால் இரண்டாவது முடிவு: கூடையை ஆளுக்கு ஒன்று என்று கொடுப்பதை விட்டு வேலையைப் பிரித்துவிட்டார். பாரம் தாங்குவது அடிப்பாகம், அதனால் அது பாட்டியம்மாவுக்கும் இன்னொரு இறுக்கமான கைக்காரருக்கும். அடி முடிந்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர்களோடு அது பக்கச் சுற்றுக்கு மற்ற மூன்று பேரிடம் போகும். கைப்பிடியும் நுனி சொருகுவதும் இவரே. கணவர் கோபம் தணிந்து ஒட்டுப்பலகையில் கூடையின் உள்ளளவுக்கு மூன்று கட்டைகள் செய்து கொடுத்தார். பக்கம் பின்னுகிறவர் கட்டையை உள்ளே வைத்துக்கொண்டே பின்ன வேண்டும். கட்டையைத் தொடாமல் ஒயர் விலகி நின்றால் தளர்வு என்று அர்த்தம், அந்தச் சுற்றைப் பிரித்துவிட வேண்டும். சுற்று பின்னின கையோடு பிரித்தால் ஒயருக்குச் சேதம் இல்லை.

கூலியையும் பிரிக்க வேண்டி வந்தது. அடிக்கு 35, பக்கத்துக்கு 40 என்றார் முதலில். பக்கம் பின்னுகிறவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சுற்று அதிகம், நேரமும் அதிகம் என்பது அவர்கள் வாதம். ஒரு நாள் உட்கார்ந்து நேரம் பார்த்தபோது அது சரிதான் என்று தெரிந்தது. 30, 45 என்று மாறியது. இப்போது பாட்டியம்மாவுக்கு வருத்தம்.

இடையில் வந்த இன்னும் இரண்டு

இரண்டாவது தடவை வாங்கிய மெரூன் ரோல்கள் கொஞ்சம் கறுப்படித்த மெரூனாக இருந்தன. கடையில் குழல் விளக்கில் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து வெயிலில் வைத்ததும் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் ஒரு நாளும் பஸ் காசும் போகும், பழைய லாட் இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. ஒரு கூடைக்குள் இரண்டு லாட்டைக் கலக்கவே கூடாது என்று ரோலுக்கு ரோல் நூல் கட்டி அடையாளம் வைத்தார். இரண்டு நிறத்திலும் ஒரு கூடையைப் படம் எடுத்து மதுரைக்கு அனுப்பிக் கேட்டார். அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் வீட்டுப் பக்கம் ஒரு நிறம், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு நிறம் என்று வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அறுபதாம் கல்யாணத்தில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பிரிப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று, நூறு நாள் வேலை. பொங்கலுக்கு முன்னால் பக்கத்து ஊரில் வேலை தொடங்கியதும் இரண்டு பேர் பகலில் அதற்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அதற்கு நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். கையில் வருவது செய்த வேலையின் அளவைப் பொறுத்துக் குறையும், என்றாலும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பின்னினாலும் 100 தாண்டாத வேலையை விட்டு அதற்குப் போவதை யாரும் தப்பு சொல்ல முடியாது. இவரும் சொல்லவில்லை. அவர்கள் இரவில் பின்னினார்கள், இரவில் மெரூன் ஒயரில் முடிச்சு சரியாகத் தெரியாது, வேகம் பாதியானது.

வாடிக்கையாளரிடம் சொன்னது

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் எண்ணிப் பார்த்தோம். போகிற வேகத்தில் நாளுக்குள் 110 வரும், 150 வராது. வழிகள் மூன்று இருந்தன. புது ஆட்களைச் சேர்ப்பது, கடையில் ஆயத்தக் கூடை வாங்கிக் கலந்துவிடுவது, சொல்லிவிடுவது. புது ஆளைச் சேர்த்தால் மறுபடி இழுப்புப் பிரச்சினை. கடைக் கூடை கலந்துவிடலாம் என்று சொன்னது கணவர்; அதை இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மூன்று வாரம் இருக்கும்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டார். "சார், 110 உறுதியா தந்துடறேன். அதுக்கு மேல சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்." அந்தப் பக்கம் நல்ல கோபம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தார். மறுநாள் மகள் பேசினார். பட்டியலைப் பார்த்தால் குடும்பத்துக்கு ஒரு தாம்பூலம்தான், 110 கூடை உறவுக்காரர்களுக்குப் போதும், அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் மஞ்சப்பை கொடுத்துக்கொள்கிறோம் என்றார். மஞ்சப்பை அச்சடித்து வாங்க மூன்று வாரம் தாராளம். இதையே கடைசி வாரத்தில் சொல்லியிருந்தால் அந்த மாற்று வழி அவர்களுக்கு இருந்திருக்காது.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு 110 கூடையும் போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்த புகார் ஒன்று, ஒரு கூடையில் புஷ் கழன்றிருந்தது.

கணக்கு

வரவு 19,800. தேறாத 11 கூடையைக் காய்கறிக் கூடை என்று சொல்லி, ஒட்டு இருப்பதையும் காட்டி, 120-க்கு விற்றதில் 1,320. ஆக 21,120. செலவில், 121 கூடைக்குப் பொருள் 7,865. முதல் 24 கூடைக்கு முழுக் கூலி 2,400, அடுத்த 97-க்கு அடியும் பக்கமும் சேர்த்து 75 வீதம் 7,275. பஸ், ஆட்டோ 800. மிச்சம் 2,780 ரூபாய்.

இந்த 2,780-க்குள் அடக்கம்: 97 கூடைக்குக் கைப்பிடி பின்னி நுனி சொருகியது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், எல்லாவற்றையும் சரிபார்த்தது, கொண்டு போய்க் கொடுத்து வாங்கி வந்தது, இரண்டு நாள் பயிற்சி. தனியாக உட்கார்ந்து சில்லறையில் 250-க்கு 30 கூடை விற்றிருந்தால் இதைவிட இரண்டு மடங்கு கையில் நின்றிருக்கும். எட்டுப் பத்து வாரமாகச் சில்லறை ஆர்டர்களையும் திருப்பி அனுப்பியிருந்தார், அது நோட்டில் ஏறவில்லை.

இதில் இவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நஷ்டம் விலையில் ஆரம்பித்தது என்பது என் கட்சி. 180-க்கு ஒத்துக்கொண்ட அன்றைக்கே மேற்பார்வைக்கு என்று ஒரு பைசா ஒதுக்கவில்லை, ஐந்து பேரை வைத்து வேலை வாங்குவது தனி வேலை, அதற்குக் கூலி இல்லாமல் யார் பார்த்தாலும் இப்படித்தான் முடியும். அவர் இழுப்பைச் சொல்கிறார். முதல் 24-ம் ஒழுங்காக வந்திருந்தால் விலை கட்டியிருக்கும் என்கிறார். நோட்டின்படி அந்த 11 கூடையால் போனது நிகரமாக 500 ரூபாய்கூட இல்லை. அதைக் காட்டினேன். "காசு கணக்கு அது. அந்த ரெண்டு வாரம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நாளையும் சேர்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பிறகு மாறியவை

மொத்த ஆர்டர் என்றால் 40 கூடைக்கு மேல் எடுப்பதில்லை. பாதிப் பணம் வந்த பிறகே தேதி சொல்கிறார், முழு ஒயரையும் ஒரே நாளில் ஒரே லாட்டில் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குகிறார். இந்த அளவுக் கூடைக்கு மொத்த விலை 230. அதில் 25 ரூபாய் மேற்பார்வைக்கு என்று நோட்டில் தனிக் கட்டம். அதே குடும்பத்தின் உறவுக்காரர் ஒருவர் 180 என்று கேட்டு வந்தார், முடியாது என்றதும் கடையில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கூடை வாங்கிக்கொண்டார். சித்திரையில் வளைகாப்புக்கு 35 கூடை கேட்டு வந்த இன்னொருவர் 230 கொடுத்தார்.

ஸ்டேட்டஸில் அளவு எழுதுவது நிற்கவில்லை. ஆனால் இப்போது அளவோடு சேர்த்து, முடிச்சின் தலையை அமுக்கிக்கொண்டு இரண்டு தடவையாக இழுக்கிற பாட்டியம்மா கையின் வீடியோவும் போகிறது. கட்டை செய்யும் அளவும் போகிறது. இரவில் பின்னிய இரண்டு பேரில் ஒருவர் அதைப் பார்த்துத் தன் ஊரில் தனியாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்திருக்கிறார், அவருக்கு மூன்று கட்டையில் ஒன்றை இவரே கொடுத்துவிட்டார்.

அடிக்கு 30, பக்கத்துக்கு 45 என்ற கூலிதான் இன்னும் தீரவில்லை. வளைகாப்பு ஆர்டரில் இரண்டுக்கும் ஐந்து ரூபாய் ஏற்றினார். ஏற்றினாலும் வித்தியாசம் அப்படியேதானே இருக்கிறது என்கிறார் பாட்டியம்மா.